கடுவன் பூனையும் சுவரில் அடிக்கும் மூத்திரமும்: கருத்தடைக்கு முன்னும் பின்னும் நான் பட்ட பாடு

வீட்டுக்குள்ளேயே வளரும் ஆண் பூனைக்குட்டி உங்களிடம் இருக்கிறதா? அதற்கு நாலைந்து மாதம் ஆகிறதா? அப்படியென்றால் இதை இன்றைக்கே படித்துவிடுங்கள். இன்னும் கொஞ்ச நாளில் அது சுவருக்கும் பீரோவுக்கும் முதுகைக் காட்டி நின்றுகொண்டு மூத்திரத்தைப் பீய்ச்சி அடிக்க ஆரம்பிக்கலாம். அந்தப் பழக்கம் தொடங்கிய பிறகு நிறுத்தப் பாடுபடுவதைவிட, தொடங்கும் முன்பே கருத்தடை செய்துவிடுவது எவ்வளவோ சுலபம். செலவும் குறைவு. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் 15,000 ரூபாய்க்கு மேல் போனது, ஒரு நல்ல வாடிக்கைக் குடும்பமும் போனது. மாதக்கணக்கில் வீட்டில் சண்டை ஓயவில்லை.

நான் தருமபுரி குமாரசாமிப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். முன்னறைதான் கடை. ஒரு சுவர் ஓரம் தையல் மெஷினும் ஓவர்லாக்கும் இருக்கும். எதிர்ச்சுவரில் முடித்த ஜாக்கெட்டுகள் ஹேங்கரில் தொங்கும். கட்டிங் டேபிளுக்கு அடியில் வாடிக்கையாளர்கள் கொடுத்த துணிப்பைகள். பழைய ஓட்டு வீடு என்பதால் எலித் தொல்லை அதிகம். ஒரு தடவை லைனிங் துணிக் கட்டையே குதறி வைத்துவிட்டன. அப்போதுதான் பாலக்கோட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டிலிருந்து சின்னானைக் கொண்டுவந்தோம். உள்ளங்கையில் அடங்குகிற மஞ்சள் குட்டி. அவன் கொஞ்சம் வளர்ந்ததுமே ராத்திரி எலிச் சத்தம் நின்றது. எங்கள் தெருவில் நாய்கள் அதிகம், நாலு எட்டு வைத்தால் மெயின் ரோடு. அதனால் அவனை வெளியே விடவே இல்லை. மணல் போட்ட தட்டில்தான் போவான், ஒரு சொட்டு வெளியே சிந்த மாட்டான். என் மகள் அவனை மடியில் வைத்துக்கொண்டுதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். அவ்வளவு ஒட்டுதல்.

இந்தப் பக்கத்தில் பூனை வளர்க்காத ஊர் கிடையாது. ஆனாலும் மூத்திரம் அடிக்கிற விஷயம் பற்றி ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஏன் என்று பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். என் மாமியாருக்கு ஊர் பென்னாகரம் பக்கம். ராகி மூட்டைக்கும் நிலக்கடலைக்கும் எலி வராமல் இருக்க அவர்கள் வீட்டில் எப்போதும் பூனை உண்டு. "கடுவன் வீடு தங்காது கண்ணு, வயசுக்கு வந்தா கெளம்பிப் போயிடும்" என்று அத்தை அடிக்கடி சொல்வார். அது உண்மைதான். கிராமத்தில் பூனை கொல்லைக்கும் மச்சுக்கும் காட்டுக்குமாகத் திரியும். வயதுக்கு வந்த கடுவன் பொட்டைப் பூனையைத் தேடிப் போய்விடும், அல்லது வேறு கடுவனிடம் அடிபட்டுச் சாகும். அது வைக்கோல் போரில் அடித்தால் யாருக்கு வாடை தெரியப் போகிறது? கதவைச் சாத்தி வைத்துக் கடுவனை வீட்டுக்குள்ளேயே வளர்ப்பது நம் பெரியவர்களுக்குப் பழக்கமில்லாத காரியம். அதனால் இந்த விஷயத்தில் அவர்களிடம் கேட்டால் கிடைப்பது கிராமத்துப் பதில்தான். டவுன் வீட்டுக்கு அது உதவாது.

சின்னானுக்கு ஏழு மாதம் இருக்கும்போது தை பிறந்தது. பகல் நீள ஆரம்பிக்கிற இந்தச் சமயத்தில்தான் பொட்டைப் பூனைகளும் கூப்பிட ஆரம்பிக்கின்றன. பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் ஒன்று ராத்திரி முழுக்கக் குழந்தை அழுவதைப் போலக் கத்தும். எங்கிருந்தோ ஒரு பெரிய கறுப்புக் கடுவன் வந்து எங்கள் காம்பவுண்டு சுவரில் உட்கார ஆரம்பித்தது. சின்னான் ஜன்னலை விட்டு நகரவே இல்லை. குரல் மாறியது, கன்னம் உப்பியது, சாப்பாடு குறைந்தது. பீரோவுக்கு முதுகைக் காட்டி நின்று, வாலை நட்டுக்குத்தலாகத் தூக்கி, அதன் நுனி நடுங்க, பின்னங்கால்களை மாற்றி மாற்றி வைப்பான். நம்மைப் பார்த்த சந்தோஷத்திலும் பூனை வாலை இப்படி நடுங்க வைக்கும், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தைப்பூசத் தேருக்கு வந்த என் சித்திதான் வாசற்படியிலேயே நின்று, "என்னம்மா இது, எலி செத்துக் கிடக்குதா?" என்று கேட்டார். எனக்கு உடம்பே கூசிப்போனது. பீரோவை நகர்த்திப் பார்த்தால், தரையிலிருந்து முக்கால் அடி உயரத்தில் மஞ்சளாக ஒழுகி, எண்ணெய் போலப் பிசுபிசுத்துக் கிடந்தது.

அதன் பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. கதவு நிலை, சிலிண்டர், மெத்தை ஓரம், மெஷின் மூடி என்று ஒவ்வொரு இடமாக அடித்தான். கடைசியில் ஹேங்கரில் தொங்கிய முகூர்த்த ஜாக்கெட் ஒன்றின் மேலேயும் அடித்துவிட்டான். ராத்திரி பகலாக உட்கார்ந்து ஆரி வொர்க் போட்டது அது. கூலி மட்டும் 3,200 ரூபாய் பேசியிருந்தேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த பிறகு வாடையும் அவ்வளவாக இல்லை. டெலிவரிக்கு முன் அயர்ன் பாக்ஸை வைத்தேன் பாருங்கள், சூடு பட்டதும் அறை முழுக்கக் குமட்டுகிற நாற்றம் எழுந்தது. அந்தச் சேலையோடு வந்த துணி அது, வேறு வாங்க முடியாது. நிறம் பொருந்துகிற ரா சில்க் 900 ரூபாய்க்கு வாங்கி, அவசர அவசரமாக மறுபடியும் போட்டு, கூலி வாங்காமல் கொடுத்தேன். பொண்ணோட அம்மா வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் அந்த வீட்டிலிருந்து யாரும் என்னிடம் வரவில்லை. தையல்காரிக்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறு இல்லை. அன்று ராத்திரி அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவன் வந்து காலை உரசினான், தள்ளிவிட்டேன்.

துணித்தொழில் செய்கிறவர்களும் வாடகை வீட்டில் இருக்கிறவர்களும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: பூனை மூத்திரம் காய்ந்தால் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அதிலுள்ள வாடைப் பொருட்கள் நூலுக்குள்ளும் சுண்ணாம்புக்குள்ளும் தங்கிவிடும். சூடு பட்டாலோ மழைக்காலத்தில் ஈரம் ஏறினாலோ வாடை திரும்ப எழும். வெறும் தண்ணீருக்கு அது போகாது. நம் வீடுகளில் நாற்றம் என்றால் உடனே கையில் எடுப்பது பினாயில். பூனை இருக்கும் வீட்டில் பினாயில் ஆபத்து. அதிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. தரையில் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கினாலே உள்ளே போய்விடும். போதாததற்கு, புது வாடை வந்துவிட்டதே என்று அதே இடத்தில் பூனை மறுபடியும் அடிக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. அம்மோனியா கலந்த கிளீனரும் வேண்டாம், அந்த வாடையை மூத்திர வாடை என்றே பூனை நினைக்கும். பிளீச்சிங்கை மூத்திரத்தின் மேல் ஊற்றினால் நெஞ்சை அடைக்கிற நச்சுப்புகை வரும். மூலைக்கு மூலை பாச்சை உருண்டை போடச் சொல்லித் தெருவில் பலர் சொன்னார்கள். அதுவும் பூனைக்கு விஷம். மிளகாய்த்தூள் தூவச் சொன்னார்கள், மூஞ்சியைப் பிடித்து அதிலேயே தேய்க்கச் சொன்னார்கள். பூனையை அடித்து மிரட்டினால் அதற்குப் பயம்தான் கூடும், பயந்த பூனை இன்னும் அதிகமாக மூத்திரம் அடிக்கும். ஒரு கடையில் "இதை அடிச்சா பூனை அந்தப் பக்கமே வராது" என்று 650 ரூபாய்க்கு ஒரு பாட்டில் கொடுத்தார்கள். எலுமிச்சை வாசனை வந்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுவில் கூடையோடு காத்திருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே எனக்குக் கண்ணைத் திறந்தது. "உக்காந்து போறானா, நின்னுக்கிட்டுப் போறானாம்மா?" நின்றுகொண்டு, வாலைத் தூக்கி, சுவரில் கொஞ்சமாக அடித்துவிட்டு, மற்ற நேரம் தட்டில் ஒழுங்காகப் போனால் அது எல்லை குறிக்கும் வேலை. உட்கார்ந்து, தரையிலோ படுக்கையிலோ நிறையப் போனால், தட்டு பிடிக்கவில்லை அல்லது உடம்பில் கோளாறு. மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் உயிர் போகிற விஷயம். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் மிகக் குறுகல். அதில் படிகமோ சளி போன்ற பிசினோ அடைத்துக்கொண்டால், பூனை தட்டுக்கு அடிக்கடி போய் உட்கார்ந்து முக்கும், கத்தும், அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருக்கும். ஒன்றும் வராது, வந்தால் ஒரு சொட்டு, சில சமயம் ரத்தம். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். முழுவதும் அடைத்துவிட்டால் 24 முதல் 48 மணி நேரத்தில் உயிர் போகலாம். அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமையானாலும், ஓட வேண்டும். டாக்டர் சின்னானின் அடிவயிற்றை அழுத்திப் பார்த்து, மூத்திரப்பை சின்னதாக, மென்மையாகத்தான் இருக்கிறது, அடைப்பு இல்லை என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்கள் பூனை எப்படிப் போகிறது என்று போனில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். நாம் பத்து நிமிடம் விளக்குவதை டாக்டர் பத்து நொடியில் புரிந்துகொள்வார்.

அவர் சொல்லித்தான் எனக்கு இதன் காரணம் தெரிந்தது. இது சேட்டை இல்லை, நம் மேல் இருக்கும் கோபமும் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் ஆண் ஹார்மோன் ஏற ஏற, "இங்கே ஒரு கடுவன் இருக்கிறான்" என்று மற்ற பூனைகளுக்கு அறிவிக்கிற வேலை இது. பூனை மூத்திரத்தில் ஃபெலினைன் என்றொரு அமினோ அமிலம் உண்டு. கருத்தடை ஆகாத கடுவனிடம் அது மிக அதிகம். அது சிதையும்போது கந்தகம் கலந்த சேர்மங்கள் உண்டாகின்றன, அந்தக் குடலைப் பிரட்டும் நாற்றத்துக்கு அதுதான் காரணம். ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கடுவன் வந்து உட்கார்ந்தால் உள்ளே இருப்பவன் இன்னும் அதிகமாக அறிவிப்பான். வழி என்ன என்று கேட்டேன். "ரெண்டு விதையையும் எடுத்துடணும்மா. பத்துக் கடுவன்ல ஒன்பது நிறுத்திடும், இல்லைன்னா நல்லாக் குறைஞ்சிடும். இன்னும் தள்ளிப்போட்டா, ஹார்மோன் போனாலும் பழக்கம் போகாம நிக்கலாம்" என்றார். அஞ்சு மாதத்திலேயே செய்திருக்கலாம் என்றும் சொன்னார். தடுப்பூசி போடப் போன இடத்தில் இதை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று நினைத்து நினைத்து ஆறவே இல்லை எனக்கு.

வீட்டில் சொன்னதும் பெரிய பேச்சாகிவிட்டது. எங்கள் பக்கம் காளைக்குக் காயடிப்பது எல்லோருக்கும் தெரிந்த காரியம், ஏர் ஓட்டவும் வண்டி இழுக்கவும் அடங்குவதற்காகச் செய்வார்கள். ஆனால் பூனைக்கா? "வாயில்லா ஜீவன், அது பாவம் நம்மளச் சும்மா விடாது. சாக்குல கட்டி சந்தைப்பக்கம் விட்டுட்டு வாங்க, மீன் துண்டு தின்னு பொழச்சிக்கும்" என்றார் அத்தை. அவர் கொடுமைக்காரர் இல்லை, தினமும் அவனுக்குச் சோறு பிசைந்து வைப்பவர் அவர்தான். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை புது இடத்தில் நாயிடம் ஒரு ராத்திரி தாங்காது என்று அவரிடம் எடுத்துச் சொன்னேன். பசியால் வாடும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. என் வீட்டுக்காரருக்கு வேறு கவலை, எலி பிடிப்பதை விட்டுவிடுவானோ என்று. எலி பிடிப்பதற்கும் விதைக்கும் சம்பந்தமில்லை; சின்னான் இன்றும் பிடிக்கிறான். கருத்தடை செய்தால் மூத்திரக் குழாய் சுருங்கி அடைப்பு வரும் என்றும் ஒரு பேச்சு உண்டு, அப்படி இல்லை என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். செய்யாமல் விட்டால்தான் பாவம் என்று எனக்குப் பட்டது. கருத்தடை செய்யாத கடுவன் ரோட்டைத் தாண்டி ஓடும், சண்டை போட்டுக் கன்னத்தில் சீழ் கட்டி வரும், கடியின் வழியாக எய்ட்ஸ் போன்ற ஒரு வைரஸையும் வாங்கிவரும் (மனிதருக்கு அது தொற்றாது). அதன் குட்டிகள் எந்தத் தெருவில் அடிபட்டுக் கிடக்கின்றன என்பதும் நமக்குத் தெரியாது.

எங்கே செய்வது என்பது அடுத்த பாடு. நான் பார்த்த டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "எனக்கு மாடுதான் கை வந்தது. பூனைக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகினவங்ககிட்டப் போங்கம்மா." அந்த நேர்மைக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். தருமபுரியிலிருந்து தெற்கே போனால் சேலம், வடக்கே போனால் ஓசூர், பெங்களூர். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் செல்லப் பிராணிகளைப் பார்ப்பார்கள், ஆனால் நமக்கு அது தூரம். நான் சேலத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் செய்தேன். போனில் கேட்கும்போது "எவ்வளவு ஆகும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். வாரத்துக்குப் பூனைக்கு எத்தனை கருத்தடை செய்கிறீர்கள் என்று கேளுங்கள். அன்றைக்கு எடை போட்டுத்தான் மயக்க மருந்து கொடுப்பீர்களா, வலி ஊசி உண்டா, நன்றாக விழித்த பிறகு அனுப்புவீர்களா என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் எரிச்சல்படாமல் பதில் சொல்கிற இடமே நல்ல இடம். இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கியிருந்தால் அறுவை பெரிதாகும், பணமும் கூடும். அந்த ஒன்றை விட்டுவிட்டால் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும், மூத்திரம் அடிப்பது நிற்காது.

கொண்டுபோக நல்ல கூடை இல்லை. பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி போகும் பிளாஸ்டிக் கிரேடு (பெட்டி) இரண்டை நாத்தனார் கொடுத்தார். ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து நாலு பக்கமும் நைலான் கயிற்றால் இறுக்கினால் அருமையான கூண்டு, காற்றோட்டமும் இருக்கும். சாக்குப்பையிலோ அட்டைப்பெட்டியிலோ கொண்டுபோகாதீர்கள், மிரண்ட பூனை கிழித்துக்கொண்டு ஓடிவிடும். முந்தின ராத்திரிக்குப் பிறகு சாப்பாடு கொடுக்க வேண்டாம் என்றார்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது நுரையீரலுக்குப் போய்விடும் என்பதால் இதில் இரக்கம் காட்டவே கூடாது. ஆனால் மூன்று நாலு மாதக் குட்டியை அவ்வளவு நேரம் பட்டினி போடக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும்; எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஏற்றத் தயக்கமாக இருந்ததால் கார் வாடகைக்குப் பேசினோம், 2,200 ரூபாய். தொப்பூர் இறக்கம் முழுக்கக் கத்திக்கொண்டே வந்தான். கூண்டின் மேல் என் பழைய சேலையைப் போர்த்தியதும் அடங்கினான்.

அறுவை பத்து நிமிடம்கூட ஆகவில்லை. விதைப்பையில் சின்னதாக இரண்டு கீறல், தையல்கூடக் கிடையாது, விந்துக் குழாயை அதனாலேயே முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அவனை என் கையில் கொடுத்தபோது என் உயிரே போய்விட்டது. கண் இரண்டும் அகலத் திறந்து நிலைகுத்தியிருக்க, நாக்கு வெளியே தொங்க, உடம்பு துணி மாதிரி கிடந்தது. செத்துவிட்டான் என்றே நினைத்து அலறிவிட்டேன். கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்தால் பூனை கண்ணை மூடாது. இமைக்காததால் கண் வறண்டுவிடாமல் இருக்கக் களிம்பு போடுவார்கள்; போட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் என்னைப் போல நீங்கள் நடுங்க வேண்டியதில்லை. தலை தூக்கி, தடுமாறியாவது நடக்கிற வரைக்கும் நான் கிளினிக்கை விட்டு நகரவில்லை.

வீட்டுக்கு வந்த ராத்திரி அவனைக் கட்டிலில் விடாமல், அதே கிரேடில் துணி விரித்துத் தரையிலேயே வைத்தோம். போதையில் ஏறிக் குதித்தால் விழுந்து அடிபடும். உடம்பு சில்லிட்டுப்போகும் என்பதால் போர்வை, மங்கலான வெளிச்சம். முழுதாகத் தெளிந்த பிறகு கொஞ்சம் தண்ணீர், அப்புறம் ஒரு பிடி சாப்பாடு. மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாளைத் தட்டில் போட்டேன், காயத்தில் மணல் ஒட்டக் கூடாது. நக்காமல் இருக்கக் கழுத்துக்குப் புனல் மாட்டினோம், ஒரு வாரத்தில் காயம் மூடிவிட்டது. இதில் ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் எழுதினதாக நினைத்துக்கொள்ளுங்கள்: வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்குக் கொடுக்கும் சிரப்பும் கூடாது. பூனைக்கு அது கொடிய விஷம், ஒரு மாத்திரை போதும் கொல்ல. ஆஸ்பிரினும் ஆபத்து. எதிர்வீட்டு அக்கா பாசத்தோடுதான் சிரப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். டாக்டர் சீட்டிலேயே எழுதித் தந்திருந்ததால் பிழைத்தான்.

இதற்குப் பிறகுதான் யாரும் சொல்லாத இன்னொரு விஷயம். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த வாரமே அவன் மறுபடியும் கதவு நிலையில் அடித்தான். அடுத்த வாரமும் அடித்தான். "காசையும் கொடுத்து பாவத்தையும் வாங்கினதுதான் மிச்சம்" என்று வீட்டில் பேச்சு. எனக்கும் மனம் விட்டுப்போனது. யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று நாத்தனாருக்கு போன் போட்டே பேசிவிட்டேன். டாக்டரைக் கூப்பிட்டபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. ரத்தத்தில் ஹார்மோன் சில நாட்களிலேயே இறங்கிவிடும், பழக்கம் அடங்கச் சில வாரம், சிலதுக்கு இரண்டு மூன்று மாதம்கூட ஆகும் என்றார். விந்து கொஞ்ச நாள் குழாயில் தங்கியிருக்கும் என்பதால் அதுவரை பொட்டைப் பூனையோடு விடவும் கூடாதாம். முதலில் மாறியது வாடைதான். பங்குனி வருவதற்குள் அந்தக் குடலைப் பிரட்டும் காரம் போய், சாதாரண மூத்திர வாடையானது. அப்புறம் அடிப்பது குறைந்தது, சித்திரையில் நின்றே போனது.

காத்திருக்கும் அந்த நாட்களில் சும்மா இருக்க வேண்டாம். பழைய வாடை இருக்கும் வரைக்கும் அது "இங்கேயே அடி" என்று பூனையைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கள்ள நோட்டு பார்க்கிற சின்ன ஊதா டார்ச் ஒன்று வாங்கினேன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அடித்துப் பார்த்தால் மூத்திரக் கறை மஞ்சள் பச்சையாக ஒளிரும். கண்ணுக்குத் தெரியாத எத்தனை இடம் இருந்தது என்று பார்த்து மலைத்துப்போனேன், மெஷின் மேஜையின் கால் வரை. என்சைம் கலந்த சலவைத்தூளை லிட்டருக்கு நூறு கிராம் வீதம் கரைத்து ஒவ்வொரு இடத்தையும் கழுவி, பச்சைத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்தேன். வெந்நீர் வேண்டாம். துணியில் சாயம் போகுமா என்று ஓரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இலவம்பஞ்சு மெத்தையை மட்டும் காப்பாற்ற முடியவில்லை, 3,800 ரூபாய்க்கு வேறு வாங்கினோம். கறுப்புக் கடுவன் கண்ணில் படாதபடி ஜன்னலின் கீழ்ப்பாதியில் காகிதம் ஒட்டினேன். இன்னொரு மூலையில் இரண்டாவது மணல் தட்டு வைத்தேன். அதிகம் அடித்த பீரோ மூலையில் கழுவிய பிறகு அவன் சாப்பாட்டுத் தட்டை வைத்தேன். சாப்பிடும் இடத்தில் பூனை பெரும்பாலும் அடிக்காது. தைத்த துணியெல்லாம் இப்போது கதவு உள்ள அலமாரிக்குள்தான், அதை இனிமேலும் மாற்றப் போவதில்லை.

கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், உடம்புக்குத் தேவை குறையும். முன்னைப் போலவே அத்தை பால் சோறு பிசைந்து வைக்க, அவன் தொப்பை போட ஆரம்பித்தான். பருமனான ஆண் பூனைக்கு மூத்திர அடைப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்று கேட்டதும் அத்தையே அளவைக் குறைத்துவிட்டார். இப்போது அவித்த மீனும் கோழியும் நேரத்துக்கு நேரம், அதில் தண்ணீர் சேர்த்து. வீட்டில் நாலு இடத்தில் தண்ணீர்க் கிண்ணம். வெறும் மீனையும் கோழியையும் வைத்தே ஓட்டினால் சத்துக் குறைவு வரும் என்பதால், பூனைக்கான கடைத் தீனியும் கொஞ்சம் உண்டு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஜாக்கெட் கூலியும் துணியும் 4,100, மற்ற வாடிக்கைத் துணிகளுக்கு ஈடு கொடுத்தது 1,500, மெத்தை 3,800, அந்த பாட்டில் 650, கார் 2,200, ரத்தப் பரிசோதனையும் அறுவையும் மருந்தும் சேர்த்து 3,400. மொத்தம் 15,650. ஆறு மாதத்துக்குள் செய்திருந்தால் கடைசி இரண்டு செலவோடு, 5,600 ரூபாயில் முடிந்திருக்கும். நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே காரில் பூனைகளைக் கொண்டுபோனால் அதுவும் குறையும். எதிர்வீட்டு அக்காவின் சாம்பல் குட்டிக்கு இப்போது நாலு மாதம் முடிந்திருக்கிறது. அடுத்த மாதம் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு இப்போதே நேரம் வாங்கிவிட்டோம்.

அதே காரில் அந்தக் கறுப்புக் கடுவனையும் கொண்டுபோக வேண்டும் என்று நானும் அக்காவும் பேசி வைத்திருக்கிறோம். அவன் இன்னும் எங்கள் வாசற்படியில் வந்து அடித்துவிட்டுப் போகிறான், அந்த வாடைக்குச் சின்னானும் சில நாள் கதவோரம் போய் வாலைத் தூக்குகிறான். தெருப்பூனையைக் கையால் பிடிக்க வேண்டாம், கடித்தால் நமக்கு ரேபிஸ் ஊசி போட வேண்டிவரும். கிரேடோடு அப்படியே கொண்டுவாருங்கள், வெளியிலிருந்தே ஊசி போட்டுக்கொள்கிறோம், பல நாள் வேலை செய்கிற ஆன்டிபயாடிக்கை ஒரே ஊசியாகப் போட்டுவிட்டால் பிறகு மாத்திரைக்குத் துரத்த வேண்டியதில்லை என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் கிரேடுக்குள் கருவாடு வைத்துப் பழக்குகிறோம். பணம் பாதி நான், பாதி அக்கா.